யானை லத்தியிலிருந்து விரிவுரையாளர் வேலை வரை: பாதுகாப்பு மரபியலுக்குள் போவது எப்படி

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யானை புதிதில்லை. நட்டு கொஞ்ச நாளே ஆன கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கும், மின்வேலி போட்டால் வேலி முடிகிற இடம் பார்த்துச் சுற்றி வரும், காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகிறவர்கள் பாதையில் கிடக்கும் லத்தியைப் பார்த்து எத்தனை வந்திருக்கும் என்று பேசிக்கொண்டே போவார்கள். அந்த லத்தியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் படிப்பது ஒரு வேலை, அதற்குச் சம்பளம் உண்டு, பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். நான் செய்வது அந்த வேலைதான். எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள், ஆறாம் படிவத்தில் உட்கார்ந்து அடுத்தது என்ன என்று குழம்புகிறவர்கள், "டாக்டருக்குப் படிக்காமல் இது என்ன படிப்பு" என்று கேட்கும் அப்பா அம்மா, எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

அருகிவரும் ஓர் உயிரினத்தைப் பற்றி யாரோ ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அந்த முடிவுக்கு ஒரு கேள்வி தடையாக நிற்கிறது, அந்தக் கேள்விக்கு டி.என்.ஏ. பதில் சொல்லும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு மரபியல். கேள்வி இல்லாமல் டி.என்.ஏ.வை மட்டும் ஓட்டினால் அது வெறும் செலவு. இதை இனிப் பல இடத்தில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தத் துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் வீணாகிறது என்பது என் கருத்து.

உதாரணத்துக்கு நம் ஊர் யானையையே எடுப்போம். தோட்டத்துக்குள் வரும் யானைகளைப் பிடித்து வேறு காட்டில் விடும் வேலையை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 1974 முதல் செய்துவருகிறது. ஒரு கூட்டத்தை இடம் மாற்றும் முன்பு, அது எண்டாவ் ரொம்பின் காட்டு யானைகளோடு இன்னும் கலந்து இனம்பெருக்கும் கூட்டமா, இல்லை நடுவில் தோட்டமும் சாலையும் வந்து தனித்துப்போன கூட்டமா என்று தெரிந்தால் முடிவே மாறலாம். தென்னிந்தியாவில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராமன் சுகுமாரின் குழுவில் டி.என்.சி. வித்யா செய்து 2005இல் வெளிவந்த ஆய்வில், பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கத்து யானைகளும் தெற்கே ஆனைமலை, பெரியாறு பக்கத்து யானைகளும் மரபணு அளவில் பிரிந்திருப்பது தெரிந்தது. அதற்காக யானையை யாரும் பிடிக்கவில்லை, லத்தி போதுமானதாக இருந்தது.

இன்னொன்று, உறவுக்குள்ளேயே இனம்பெருக்குவதால் வரும் கேடு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பூமா என்ற பெரும்பூனைகள் 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்து, வால் மடங்கியும் விந்தகம் இறங்காமலும் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. 1995இல் டெக்ஸாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள், குறைகள் குறைந்தன, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அந்த முடிவுக்குப் பின்னால் மரபியல் இருந்தது. நமக்கு அது கைநழுவிய கதை சுமத்ரா காண்டாமிருகம். சபாவில் தாம் என்ற ஆண் காண்டாமிருகம் 2008இல் கிடைத்தது எங்கே தெரியுமா? செம்பனைத் தோட்டத்தில்! 2019 மே மாதம் தாம் இறந்தது, நவம்பரில் இமான் என்ற பெண்ணும் இறந்தது, அதோடு மலேசியாவில் அந்த இனம் முடிந்தது. அவற்றின் செல்களை உறைய வைத்திருக்கிறார்கள், அதில் என்ன செய்யலாம் என்று இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டிய யானைகளை வைத்துத் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வும், யானைகள் பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுவை விட அதன் ஓரங்களையும் வெளிப்பகுதிகளையும் அதிகம் விரும்புகின்றன என்றுதான் சொல்கிறது. அந்த ஓரத்தில் இருப்பது யார்? நாம்தான். நகரத்திலிருந்து வரும் மாணவருக்கு ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் யார், அவருக்கு மேலே உள்ள தோட்டத்துக் கண்டக்டர் யார், எந்தக் கட்டத்தில் எப்போது பழம் வெட்டுவார்கள், எந்தக் கேட்டில் யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இது தெரியும். விண்ணப்பத்தில் இதை எழுத வெட்கப்படாதீர்கள்.

பள்ளியில் எதைப் பிடிப்பது

எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், கூடுதல் கணிதம். மலாய், சரித்திரம் கட்டாயம் என்பது தெரிந்ததே. இதில் பிள்ளைகள் கைவிடுவது கூடுதல் கணிதத்தை, அதுதான் தப்பு. இந்தத் துறை பாதிக்கு மேல் புள்ளியியல். "எனக்கு மிருகம் பிடிக்கும், கணக்குப் பிடிக்காது" என்று வருகிறவர்களிடம் விலங்கு மருத்துவமோ விலங்குக்காட்சிச்சாலை வேலையோ பாருங்கள் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

பல்கலைக்கழகத்துக்குத் தயார்ப்படுத்தும் மெட்ரிகுலேஷன் கிடைத்தால் போங்கள், ஒரு வருடத்தில் முடியும். கிடைக்கவில்லை என்றால் அழுது தீர்க்க வேண்டாம், ஆறாம் படிவம் இருக்கிறது. அதன் முடிவில் வரும் எஸ்.டி.பி.எம். தேர்வு கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள், கஷ்டம்தான், ஆனால் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம், செலவு குறைவு, அங்கே படித்த உயிரியலின் ஆழம் முதல் வருடப் பல்கலைக்கழகப் பாடத்தில் நன்றாகத் தெரியும். மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வைக் கடைசி நேரம் வரை தள்ளாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகள் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலத்தில்தான், வேறு வழியில்லை.

அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் என்ன படிப்பு போடுவது என்பதுதான் எல்லாரும் கேட்பது. மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கி யூ.கே.எம்., பினாங்கு யூ.எஸ்.எம்., செர்டாங் யூ.பி.எம்., சபா யூ.எம்.எஸ்., சரவாக் யுனிமாஸ், திரங்கானு யூ.எம்.டி. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கதவு இருக்கிறது; கடல் ஆமை என்றால் திரங்கானு, போர்னியோ விலங்குகள் என்றால் சபா, சரவாக். படிப்பின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பயோடெக்னாலஜி என்ற பெயர் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சேர்ந்து, மூன்று வருடம் நொதித்தல் தொட்டியும் பாக்டீரியாவும் படித்துவிட்டு "சார், புலி எப்போது வரும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. பாடப்பட்டியலை இணையத்தில் திறந்து நான்கு பாடம் இருக்கிறதா என்று பாருங்கள்: மக்கள்தொகை மரபியல், பரிணாமம், சூழலியல், உயிரியல் புள்ளியியல். இரண்டுக்கு மேல் இல்லையென்றால் அடுத்த படிப்பைப் பாருங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய ஒரு பயிற்சி

எஸ்.டி.பி.எம். முடிந்து அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில் காசு செலவில்லாமல் இதைச் செய்யலாம், ஒரு பழைய லேப்டாப் போதும். அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தளத்தில் ஜென்பேங்க் என்ற திறந்த சேமிப்பு இருக்கிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் வரிசைப்படுத்திய டி.என்.ஏ. அதில் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம். நியூக்ளியோடைட் பகுதியில் ஆசிய யானையின் அறிவியல் பெயரான எலிஃபாஸ் மாக்ஸிமஸ் என்பதையும் சைட்டோக்ரோம் பி என்ற மரபணுவின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். இந்தியா, இலங்கை, தாய்லாந்து, போர்னியோ என்று இடம் குறிப்பிட்ட வரிசைகளாகப் பொறுக்கி, ஒப்பிடுவதற்காக ஆப்பிரிக்க யானையின் வரிசை ஒன்றையும் சேர்த்து, ஃபாஸ்டா என்ற கோப்பு வடிவில் இறக்குங்கள். மெகா என்ற இலவச மென்பொருளில் போட்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சீர்படுத்தி, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் ஒரு மரம் வரையச் சொல்லுங்கள்.

மரம் வந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. வந்தபிறகு உட்கார்ந்து கேட்க வேண்டியது: இந்த மரபணு மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பில் இருக்கிறது, அது அம்மா வழி மட்டுமே வருகிறது, யானைக் கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்க, ஆண்கள்தான் பிரிந்து அலைகிறார்கள், அப்படியானால் இந்த மரம் எனக்கு ஆண்களின் போக்குவரத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? சொல்லாது. அதற்கு மைக்ரோசாட்டலைட், எஸ்.என்.பி. என்று இரு பெற்றோரிடமிருந்தும் வரும் குறிகள் வேண்டும். இந்த ஒரு புரிதலோடு முதல் வருட வகுப்புக்கு வரும் மாணவரை எந்த விரிவுரையாளரும் மறக்கமாட்டார். அப்புறம் ஆர் என்ற புள்ளியியல் மொழி, அதுவும் இலவசம், அதையும் மெதுவாகத் தொடங்குங்கள்.

லத்தி எடுப்பது

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில்தான் பெரும்பாலும் முதல்முறை காட்டுக்குப் போவீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் இருந்தாலும் இங்கே கெட்டது அங்கே சரியாகாது.

யானையின் குடல் செல்கள் லத்தி உருண்டையின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது அது தின்ற நார். ஆகவே முழு உருண்டையைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை (வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த நாற்றத்தோடு வேனில் குளுவாங்கிலிருந்து பாங்கி வரை). மேலே ஈரமாகச் சளிப்பூச்சு மினுக்கும் புது லத்தியாகப் பார்த்து, கையுறை மாட்டி, சுத்தமான குச்சியாலோ பஞ்சுக்குச்சியாலோ மேலே மட்டும் சுரண்டி, எத்தனால் அல்லது அதற்கென்றே உள்ள பாதுகாப்புத் திரவம் நிரப்பிய குப்பியில் போடுங்கள். அடுத்த லத்திக்குப் புதுக் கையுறை, புதுக் குச்சி. வெயிலும் மழையும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், அதனால் முந்தின இரவு போட்டதை விடியற்காலையில் எடுப்பதுதான் நல்லது, ஆனால் அதே நேரத்தில் யானை இன்னும் பக்கத்திலேயே நிற்கவும் கூடும், தனியாகப் போகவே போகாதீர்கள், தோட்டத்துக் காவலாளியோ பெர்ஹிலித்தான் ஆளோ இல்லாமல் இறங்க வேண்டாம். உருண்டையின் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள், யானையின் வயதை ஓரளவு மதிப்பிட அது உதவும். இடத்தின் ஜி.பி.எஸ்., தேதி, நேரம், எத்தனை உருண்டை, எல்லாம் அங்கேயே எழுத வேண்டும், வண்டிக்குத் திரும்பியதும் எழுதலாம் என்பது நடக்காது. குப்பியின் எண்ணை மார்க்கரால் வெளியே எழுதினால் மட்டும் போதாது, எத்தனால் ஒரு துளி கசிந்தாலும் மை கரைந்து ஓடிவிடும். பென்சிலால் ஒரு சிறு தாளில் எழுதி உள்ளேயே போடுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தபிறகு இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு மரபணு இடத்திலும் யானைக்கு அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று இரண்டு வடிவங்கள். லத்தி டி.என்.ஏ. குறைவு, அதுவும் உடைந்தது, அதனால் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். ஓட்டும்போது சில சமயம் ஒரு வடிவம் மட்டும் பெருகி மற்றது வராமலே போகும். ஒரே யானையின் இரண்டு லத்தி, இரண்டு யானை போலத் தெரியும். அப்புறம் 30 யானை உள்ள இடத்தில் 45 என்று அறிக்கை போனால், பிரச்சினை பெரிது, யானையை மாற்றுங்கள் என்று தோட்டக்காரர்கள் கேட்பார்கள், அந்த முடிவுக்கு நீங்கள் பொறுப்பு. அதனால் ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது, டி.என்.ஏ. போடாத வெற்றுக் குழாயைக் கூடவே ஓட்டி அதில் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் அலுப்பான வேலை, ஆனால் இதுதான் வேலை.

அனுமதி, அனுமதி, அனுமதி

ஆய்வுத் திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் அறிவியலால் அல்ல, காகிதத்தால். தீபகற்பத்தில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதன்கீழ் பெர்ஹிலித்தான் அனுமதி. உயிரியல் வளங்களை எடுப்பதற்கும் பலனைப் பகிர்வதற்குமான 2017 சட்டம் தனி, 2020 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காடு மாநில அரசின் கையில் இருப்பதால் மாநில வனத்துறை. எண்டாவ் ரொம்பின் ஜொகூர்ப் பகுதிக்குள் போகவேண்டுமென்றால் ஜொகூர் தேசியப் பூங்காக் கழகம். சபாவுக்கும் சரவாக்குக்கும் சட்டமே வேறு, சபா பல்லுயிர் மையத்தின் உரிமம் தனி. மாதிரியை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் அனுமதி தேவைப்படலாம், லத்தியிலிருந்து வந்ததுதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், முன்கூட்டியே கேளுங்கள். கம்போங் பெத்தா போன்ற இடங்களில் ஜக்குன் பூர்வகுடி மக்களோடு வேலை செய்தால் அவர்களின் சம்மதத்தை முதலில் வாங்க வேண்டும், அதை ஒரு கையெழுத்துச் சடங்காக நடத்தாதீர்கள். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் கடிதம். ஆய்வுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள், ஒவ்வொரு கடிதத்தின் நகலும் கைப்பேசியில் இருக்கட்டும்.

மலாய் நன்றாக எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு, வெளிநாட்டு முனைவர் பட்ட மாணவர்கள் இதில்தான் திணறுவார்கள்.

மேற்பார்வையாளரும் பணமும்

முதுகலை, முனைவர் பட்டத்துக்கு மேற்பார்வையாளரைத் தேடும்போது அவருடைய பெயர், பதவி, கூகுள் காட்டும் மேற்கோள் எண்ணிக்கை இவற்றை விட, அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டு பேசினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். முதல் மின்னஞ்சலில் "எனக்குச் சிறுவயதிலிருந்தே விலங்குகள் மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், அப்படித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் விடைபெறாத ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். ஜென்பேங்க் பயிற்சியில் வரைந்த மரத்தை இணைத்தால் இன்னும் நல்லது.

பணம். இளங்கலைக்குப் பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். முதுகலைக்கு மேலே மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து, உதாரணமாக உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். மானியத்திலிருந்து, ஆய்வு உதவியாளராகப் படிப்பது ஒரு வழி, காமன்வெல்த் உதவித்தொகை வாங்கி இங்கிலாந்து போவது இன்னொரு வழி. முழுக்கச் சொந்தக் காசில் முனைவர் பட்டத்தில் சேராதீர்கள், அதுவும் அப்பாவின் ஓய்வுக்கால ஈ.பி.எஃப். பணத்தில் வேண்டவே வேண்டாம். மானியம் இல்லாத திட்டத்தில் மாதிரிகளை வரிசைப்படுத்தவும் பணம் இருக்காது, நடுவில் நிற்பீர்கள்.

வீட்டில் இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுங்கள். இளங்கலை மூன்று நான்கு வருடம், முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் மூன்று நான்கு, அப்புறம் ஒப்பந்தத்தில் ஒன்றிரண்டு வருட முதுமுனைவர் வேலை, ஆக முப்பது வயதைத் தாண்டித்தான் நிரந்தர வேலை. உங்களோடு படித்தவர் அதற்குள் வீடு வாங்கியிருப்பார். விரிவுரையாளர் வேலை கிடைக்காவிட்டாலும் படித்தது வீணாகாது: பெர்ஹிலித்தானின் வனவிலங்குத் தடயவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, பிடிபட்ட இறைச்சியும் எறும்புத்தின்னிச் செதிலும் எந்த உயிரினம் என்று டி.என்.ஏ.வில் காட்டுவது அங்கே அன்றாட வேலை. கெப்போங்கில் ஃப்ரிம் என்ற வன ஆராய்ச்சிக் கழகம், மரங்களின் மரபியல் அங்கே நன்றாக நடக்கிறது. தோட்ட நிறுவனங்களே, இயற்கையைக் கெடுக்காத செம்பனை எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழுக்காகப் பல்லுயிர் தெரிந்தவர்களை வேலைக்கு எடுக்கின்றன. தாத்தா ரப்பர் பால் வெட்டிய கம்பெனியில் பேரப்பிள்ளை காட்டு விலங்கு அதிகாரி, பரவாயில்லைதானே.

பாடம் நடத்துவது

ஆய்வில் கெட்டிக்காரராக இருந்து வகுப்பில் தூங்கவைப்பவர்கள் அதிகம். முனைவர் பட்டம் படிக்கும்போதே செய்முறை வகுப்பு எடுக்கும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். மரபணு நகர்வு என்பதைச் சமன்பாட்டில் தொடங்கினால் பாதிப்பேர் கைப்பேசிக்குப் போய்விடுவார்கள். நான் ஒரு பையில் பச்சைப்பயறும் சிவப்புப் பயறும் சரிபாதி போட்டுக் கொடுப்பேன். கண்ணை மூடிப் பத்து எடு, எடுத்த பத்தில் உள்ள அதே விகிதத்தில் பையை மறுபடி நிரப்பு, மறுபடி பத்து எடு. சில தலைமுறைகளுக்குள்ளேயே சில பைகளில் ஒரு நிறம் காணாமல் போய்விடும், எந்த இயற்கைத் தேர்வும் நடக்காமல், வெறும் தற்செயலால். இதையே நூறு நூறாக எடுத்துச் செய்யச் சொன்னால் நிறங்கள் வெகுநேரம் நிற்கும். அதற்குப்பிறகு, இனம்பெருக்கும் தொகையின் அளவு குறுகிய காலத்துக்கு 50, நெடுங்காலத்துக்கு 500 என்று 1980இல் முன்வைத்த விதியைப் பற்றிப் பேசினால் புரிகிறது. அது போதாது, 100, 1000 ஆக்க வேண்டும் என்று 2014இல் சிலர் வாதிட்டதையும், 500 என்ற அந்த அளவு 2022 குன்மிங் மாண்ட்ரியல் பல்லுயிர் ஒப்பந்தத்தின் கண்காணிப்புக் குறியீட்டில் ஏறியிருப்பதையும் சொல்லுங்கள். மாணவர்களுக்குத் துறையில் இன்னும் சண்டை நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மலாயாப் புலியும் அப்படித்தான். 2004இல் மரபணுவை வைத்துத் தனித் துணையினம் என்றார்கள், 2017இல் ஒரு நிபுணர் குழு ஆசியப் பெருநிலத்துப் புலிகள் எல்லாம் ஒன்றே என்றது, 2018இல் ஒரு முழு மரபணுத்தொகுதி ஆய்வு "இல்லை, ஆறு துணையினங்கள்" என்றது. காட்டில் 150க்கும் குறைவாக உள்ள புலிக்கு இந்தப் பெயர் எதை மாற்றும் என்று வகுப்பைக் கேளுங்கள். வெளிநாட்டுப் புலியைக் கொண்டுவந்து கலக்கலாமா என்ற கேள்வியில் அது எல்லாவற்றையும் மாற்றும்.

விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போகும்போது பெரும்பாலானவர்கள் தங்கள் கட்டுரைகளை அச்சடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அடுத்த பருவத்தில் முதலாண்டு மரபியல் வகுப்பை யார் எடுப்பார் என்பதுதான் தலைவலி. ஆகவே 14 வாரத்துக்கான பாடத்திட்டம் ஒன்றை, மலாயிலும் ஆங்கிலத்திலும், செய்முறைகளோடு சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் ஆய்வைப் பற்றிக் கேட்டால் எந்த இயந்திரம் பயன்படுத்தினீர்கள் என்று தொடங்காமல், எந்த முடிவுக்காக, யாருக்காகச் செய்தீர்கள் என்று தொடங்குங்கள், இயந்திரத்தைப் பற்றி அவர்களே கேட்பார்கள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் பயறுப் பையைக் கையோடு வைத்திருங்கள்.